சோறும் வேட்டியும் ஒரே சர்க்கரை: பெருமூலக்கூறுகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

தட்டில் இருக்கும் சோறும் இடுப்பில் இருக்கும் பருத்தி வேட்டியும் ஒரே சர்க்கரையால் ஆனவை. அந்தச் சர்க்கரையின் பெயர் குளுக்கோஸ். சோற்றில் உள்ள மாவுச்சத்து, ஏராளமான குளுக்கோஸ் அலகுகள் ஒன்றோடொன்று பிணைந்து உருவானது. பருத்தி நூலில் உள்ள செல்லுலோஸும் அப்படியே. இருந்தும், சோறு சில மணி நேரத்தில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையாகக் கலந்துவிடுகிறது. வேட்டி ஆண்டுக்கணக்கில் சலவைக்குப் போய்வந்தாலும் கரைவதில்லை. வேட்டிக்குக் கஞ்சி போடும்போது இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. கஞ்சி மாவுச்சத்து, அடுத்த சலவையில் போய்விடும். துணி செல்லுலோஸ், நிற்கும்.

பெருமூலக்கூறுகளைப் பற்றிய பாடம் வழக்கமாக ஒரு பட்டியலோடு தொடங்கும்: கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். இந்த வழி எனக்கு உடன்பாடில்லை. பட்டியலுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கைவசம் இருக்கும் சில அலகுகளைக் கொண்டே இயற்கை எப்படி இத்தனை மாறுபட்ட பொருள்களைச் செய்கிறது? அலகுகள் எந்த விதத்தில் பிணைக்கப்படுகின்றன, எந்த வரிசையில் பிணைக்கப்படுகின்றன என்ற இரண்டிலும் விடை அடங்கியிருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

எவ்வளவு பெரியது பெருமூலக்கூறு?

நீரின் மூலக்கூறு எடை 18. குளுக்கோஸின் எடை 180. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் எடை ஏறக்குறைய 64,500. மாவுச்சத்தின் கிளைவிட்ட வகையான அமைலோபெக்டினில் இந்த எண் கோடிகளைத் தொடும். சில ஆயிரங்களைத் தாண்டியவற்றைப் பொதுவாகப் பெருமூலக்கூறுகள் என்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை சிறிய அலகுகள் திரும்பத் திரும்பப் பிணைந்து நீண்ட சங்கிலிகளாக ஆனவை. அப்படிப்பட்ட சங்கிலியைப் பாலிமர் அல்லது பலபடி என்பார்கள்.

உயிரினங்களுக்குள் இந்தப் பிணைப்பு நடக்கும் விதத்தில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டு அலகுகள் சேரும்போது அவற்றிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. 180 எடையுள்ள குளுக்கோஸ் சங்கிலிக்குள் போய் அமர்ந்தபின் 162 ஆகிவிடுவது அதனால்தான், 18 போய்விட்டது. சங்கிலியைப் பிரிக்க வேண்டுமானால் அந்த நீரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். செரிமானம் என்று நாம் சொல்வதன் வேதியியல் பெரும்பாலும் இதுதான்: ஒவ்வொரு பிணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துச் சங்கிலியை அறுப்பது. இந்த வேலையை நொதிகள் செய்கின்றன. ஒரு நொதி எல்லாப் பிணைப்பையும் அறுக்காது. தனக்கென்று ஏற்பட்ட வகைப் பிணைப்பை மட்டுமே அறுக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

இவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்க முடியும் என்பதையே நூறு ஆண்டுகளுக்கு முன்பு வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. ரப்பர், செல்லுலோஸ், புரதம் எல்லாம் சிறிய மூலக்கூறுகள் மெல்லிய ஈர்ப்பால் திரண்டு நிற்கும் கூட்டங்கள் என்றே நம்பினார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் இதை மறுத்து, இவை சாதாரண வேதிப் பிணைப்புகளால் கோக்கப்பட்ட மிக நீண்ட சங்கிலிகள் என்றார். அவர் செய்துகாட்டிய சோதனை அழகானது. ரப்பரின் அலகுகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு; கூட்டத்தைச் சேர்த்துவைப்பவை அவைதான் என்பது எதிர்த்தரப்பின் வாதம். ஸ்டாடிங்கர் ரப்பரில் ஹைட்ரஜனைச் சேர்த்து அந்த இரட்டைப் பிணைப்புகளை நீக்கினார். வெறும் கூட்டமாக இருந்திருந்தால் அது கலைந்து, எளிதில் ஆவியாகும் சிறு பொருள்களாகியிருக்க வேண்டும். கலையவில்லை. கரைசலில் ரப்பரைப் போலவே கெட்டியாக நின்றது. பல ஆண்டுகள் எதிர்ப்பைச் சந்தித்த அவருக்கு 1953-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு பிணைப்பின் திசை

இப்போது சோற்றுக்கும் வேட்டிக்கும் வருவோம். குளுக்கோஸ் ஒரு வளையம். அதன் கார்பன்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். மாவுச்சத்திலும் செல்லுலோஸிலும் ஒரு குளுக்கோஸின் 1-ஆம் கார்பன் அடுத்த குளுக்கோஸின் 4-ஆம் கார்பனோடு ஓர் ஆக்சிஜன் வழியாகப் பிணைகிறது. இதுவரை இரண்டும் ஒன்றே. 1-ஆம் கார்பனிலிருந்து அந்தப் பிணைப்பு வளையத்தின் எந்தப் பக்கமாகக் கிளம்புகிறது என்பதில்தான் வேறுபாடு. ஒரு பக்கமாகக் கிளம்பினால் ஆல்ஃபா பிணைப்பு. மறுபக்கமாகக் கிளம்பினால் பீட்டா பிணைப்பு.

ஆல்ஃபா பிணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதிலிருந்து சற்றே வளைந்து நிற்கிறது. அந்த வளைவு தொடர்ந்துகொண்டே போக, சங்கிலி சுருளாகிவிடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 6 குளுக்கோஸ். மாவுச்சத்தின் கிளையில்லா வகையான அமைலோஸின் வடிவம் இதுதான். பள்ளி ஆய்வகத்தில் சோற்றின் மீது அயோடின் கரைசலை விட்டதும் கருநீலம் தோன்றுமே, அயோடின் இந்தச் சுருளின் உள்ளே புகுந்து வரிசையாக அமர்வதால் வரும் நிறம் அது. சுருளுக்கு வெளியே நீரும் நொதியும் எளிதாக அணுகலாம். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி வாயிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது அதனால்தான்.

பீட்டா பிணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. வளைவுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிட, சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி அடுக்கப்படும்போது அவற்றுக்கிடையே எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏற்படுகின்றன. ஒவ்வொன்றும் பலவீனமானது, ஆயிரக்கணக்கில் சேரும்போது நீரால் கரைக்க முடியாத இழையாகிறது. மரம் நிமிர்ந்து நிற்பதும், நூல் இழுவையைத் தாங்குவதும், காகிதம் காகிதமாக இருப்பதும் இந்த அடுக்கினால்தான்.

நம் அமைலேஸ் பீட்டா பிணைப்பைத் தொடாது. அதை அறுக்கும் நொதியை நம் உடல் செய்வதில்லை. ஆடு மாடுகளும் சொந்தமாகச் செய்வதில்லை. அவற்றின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள் செய்து தருகின்றன. சுவரொட்டியை உரித்துத் தின்னும் மாட்டைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். மைதாப் பசையின் மாவுச்சத்தும் காகிதத்தின் செல்லுலோஸும் அதற்கு இரண்டுமே குளுக்கோஸ்தான். நமக்குக் கீரையிலும் காயிலும் வரும் செல்லுலோஸ் நார்ச்சத்து மட்டுமே. பயனுள்ளது, ஆனால் வயிற்றை நிரப்பும் சர்க்கரையாக மாறாது.

மூன்றாவதாக ஒரு குளுக்கோஸ் சங்கிலி நம் கல்லீரலிலும் தசையிலும் இருக்கிறது: கிளைக்கோஜன். பிணைப்பு மாவுச்சத்தைப் போன்றதே, ஆனால் கிளைகள் மிக அதிகம். அமைலோபெக்டினில் 24 முதல் 30 அலகுகளுக்கு ஒரு கிளை என்றால், கிளைக்கோஜனில் 8 முதல் 12 அலகுகளுக்கு ஒன்று. கிளை கூடினால் நுனிகள் கூடும். குளுக்கோஸை விடுவிக்கும் நொதி நுனியிலிருந்துதான் வேலை செய்யும். நாய் துரத்தும்போது ஓடுகிறவரின் தசைக்கு ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான நுனிகளிலிருந்து குளுக்கோஸ் கிடைக்கிறது.

சரி, எதற்காகச் சங்கிலியாகக் கோக்க வேண்டும்? குளுக்கோஸாகவே செல்லுக்குள் வைத்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்கான விடையைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். சவ்வூடு பரவலில் ஒரு செல்லுக்குள் நீர் எவ்வளவு புகும் என்பதைக் கரைந்திருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. அவற்றின் பருமன் அல்ல. கல்லீரல் செல்லில் உள்ள கிளைக்கோஜனைத் தனித்தனிக் குளுக்கோஸாகப் பிரித்துவிட்டால் அதன் செறிவு லிட்டருக்குச் சுமார் 0.4 மோல் ஆகும் (மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு). நீர் பாய்ந்து செல் வெடித்துவிடும். அத்தனையும் கிளைக்கோஜனாகக் கோத்து வைக்கப்பட்டிருப்பதால் மூலக்கூறுகளின் செறிவு லிட்டருக்கு ஒரு மோலின் 10 கோடியில் ஒரு பங்கு மட்டுமே. சேமிப்பு அதே அளவு. நீரை இழுக்கும் விசை ஏறக்குறைய இல்லை. பெரிதாக இருப்பதே இங்கே அந்த மூலக்கூறின் வேலை.

கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் மூன்றாவதாக இடம்பெற்றாலும் கொழுப்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்வதோடு அது முடிந்துவிடுகிறது. நீண்ட சங்கிலியாக வளர்வதில்லை. கொழுப்பு வகை மூலக்கூறுகள் சில செல்லின் சவ்வாகத் திரளும்போது பெரிய அமைப்பாகத் தெரிவதால் அதையும் சேர்த்துப் பேசுகிறார்கள்.

வரிசை வடிவமாகிறது

மாவுச்சத்தில் எல்லா அலகுகளும் ஒன்றே. புரதத்தில் அப்படியல்ல. 20 வகை அமினோ அமிலங்கள். எது எதன் பின்னால் வந்தாலும் அவற்றைக் கோக்கும் பிணைப்பு ஒன்றுதான், அதன் பெயர் பெப்டைடு பிணைப்பு. எனவே இங்கே வேறுபாட்டை உண்டாக்குவது வரிசை. 100 அலகுகள் கொண்ட ஒரு சிறிய புரதத்துக்குச் சாத்தியமான வரிசைகளை எண்ணினால் 1-ஐத் தொடர்ந்து 130 சுழியங்கள் வரும். புரதத்துக்குத் திட்டமான வரிசை ஒன்று உண்டு என்பதை முதலில் நிறுவியவர் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் சாங்கர். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினின் வரிசையை 1950-களில் அவர் முழுமையாகக் கண்டறிந்தார்.

வரிசை மட்டும் போதாது, அது மடங்க வேண்டும். அமினோ அமிலங்களில் சில நீரை விரும்புபவை, சில நீரை ஒதுக்குபவை. செல்லுக்குள் எங்கும் நீர். நீரை ஒதுக்கும் அலகுகள் உள்ளே பதுங்க, விரும்பும் அலகுகள் வெளியே நிற்க, சங்கிலி தானாகவே ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு மடங்குகிறது. அமெரிக்காவின் கிறிஸ்டியன் அன்ஃபின்சன், ரிபோநியூக்ளியேஸ் என்ற 124 அலகு நொதியை ரசாயனங்களால் மடிப்புகள் குலைய முழுதாக அவிழ்த்துப்போட்டார். அது வேலை செய்வதை நிறுத்தியது. ரசாயனங்களை நீக்கியதும் தானே பழைய வடிவத்துக்கு மடங்கி மீண்டும் வேலை செய்தது. வடிவத்துக்கான தகவல் முழுவதும் வரிசையிலேயே இருக்கிறது என்பதற்கு இது சான்றானது. 1972-இல் நோபல் பரிசு பெற்றார். வரிசையை மட்டும் பார்த்து வடிவத்தைக் கணித்துச் சொல்லும் வேலை அதன்பின் அரை நூற்றாண்டு இழுத்தது. அதைக் கணினியால் சாதித்தவர்களில் டெமிஸ் ஹஸாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

எல்லாப் புரதமும் அன்ஃபின்சனின் நொதியைப் போல மீள்வதில்லை. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவில் புரதங்கள் பிரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, திரும்ப முடியாதபடி இறுகிவிடுகின்றன. பெப்டைடு பிணைப்பு எதுவும் அறுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். வரிசை அப்படியே இருக்கிறது, வடிவம்தான் போய்விட்டது.

வரிசையில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகள், மொத்தம் 574 அமினோ அமிலங்கள். பீட்டா சங்கிலியின் 6-ஆவது இடத்தில் நீரை விரும்பும் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே நீரை ஒதுக்கும் வேலைன் வந்துவிடுகிறது. அந்த இடம் புரதத்தின் வெளிப்புறத்தில் இருக்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தின் வழியாக ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. தாங்க முடியாத வலி வருகிறது. இதுதான் அரிவாள் செல் இரத்தசோகை. இது ஒரு மூலக்கூறின் நோய் என்பதை 1949-இல் லினஸ் பாலிங் குழுவினர் காட்டினார்கள். மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பதை 1950-களின் நடுப்பகுதியில் வெர்னன் இங்கிராம் கண்டுபிடித்தார். இந்தியாவில் இந்தப் பண்பு முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று. அங்குள்ள பழங்குடி மக்களிடையே அது இருப்பதை 1952-இல் லெமனும் கட்புஷும் பதிவுசெய்தார்கள். இன்றும் அந்த மலைகளில் இந்த நோயோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ‘புரதத்தின் முதல்நிலை அமைப்பு’ என்று பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம் ஒரு குழந்தையின் வாழ்நாளையே தீர்மானிக்கிறது.

சென்னையில் அவிழ்ந்த முச்சுருள்

நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் அதுதான் வலுவைத் தருகிறது. அதன் அமைப்பைக் கண்டறிந்த பணி சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இயற்பியல் துறைத் தலைவர் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்துக்கொண்டு 1954-இல் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு ஒன்றை முன்வைத்தார்கள்; மறு ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். ஆய்வுக்கு வேண்டிய தூய கொலாஜன் அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது; கங்காரு வாலின் தசைநாண் அது.

கொலாஜனின் ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. மூன்று சங்கிலிகளும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. கயிறு திரிப்பவர்கள் புரியை ஒரு திசையிலும் புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையிலும் முறுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்: இழுத்தால் ஒரு முறுக்கு அவிழப் பார்க்கும்போது மற்றொன்று இறுகும். மூன்று சங்கிலிகள் இவ்வளவு நெருக்கமாக முறுக்கிக்கொள்ளும்போது நடுவில் இடமே இருப்பதில்லை. அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் அங்கே பொருந்தும். எனவே கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று தவறாமல் கிளைசின். ஓரிடத்தில் அது மாறி வேறொன்று வந்தாலும் முறுக்கு குலையலாம். தொட்டால் முறியும் எலும்புகளோடு குழந்தைகள் பிறக்கும் பரம்பரை நோய்க்குப் பெரும்பாலும் காரணம் அத்தகைய மாற்றமே.

கொலாஜனுக்கு இன்னொரு தேவையும் உண்டு. சங்கிலியில் உள்ள புரோலின் அலகுகள் பலவற்றில் பின்னர் ஓர் ஆக்சிஜன் சேர்க்கப்பட வேண்டும். அதைச் செய்யும் நொதி தொடர்ந்து இயங்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லையென்றால் உருவாகும் முச்சுருள் உடல் வெப்பத்திலேயே தளர்ந்துவிடும். மாதக்கணக்கில் காய் கனி இல்லாமல் கப்பலில் போன மாலுமிகளுக்கு ஈறு கசிந்ததும், ஆறிய புண் மறுபடி திறந்ததும் இதனால்தான். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கூழ்போல் உறைவதும் கொலாஜன்தான்: நெடுநேரம் கொதித்ததில் முச்சுருள் அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடுகிறது, குளிரும்போது சங்கிலிகள் அரைகுறையாகப் பின்னிக்கொண்டு நீரைச் சிறைப்பிடிக்கின்றன.

ராமச்சந்திரன் அதோடு நிற்கவில்லை. 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை ஒரு வரைபடமாக வகுத்தார். உலகில் எங்கு ஒரு புதிய புரத வடிவம் கண்டறியப்பட்டாலும் அது சரியா என்று சோதிக்க இன்றும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள்.

ஓர் ஆக்சிஜன் கூடினால்

புரதத்தின் வரிசை எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது? டி.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலத்தில். அங்கே நான்கே அலகுகள். அடினின் எதிரே தைமின், குவானின் எதிரே சைட்டோசின் என்று இரண்டு சங்கிலிகள் எதிரெதிராகப் பிணைந்து இரட்டைச் சுருளாகின்றன. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆய்வகத்தின் எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையோடு வாட்சனும் கிரிக்கும் இதை 1953-இல் வெளியிட்டார்கள். ஒரு சங்கிலியைப் பார்த்தே மற்றதை எழுதிவிடலாம் என்பதால் பிரதியெடுப்பது எளிது; ஒன்று பழுதானால் மற்றதைப் பார்த்துச் சரிசெய்யவும் முடியும். நம் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் உள்ள டி.என்.ஏ.வை நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர் இருக்கும்.

டி.என்.ஏ.வில் உள்ள செய்தியைப் பிரதியெடுத்துச் சுமந்து செல்வது ஆர்.என்.ஏ. என்ற இன்னொரு நியூக்ளிக் அமிலம். அதன் அலகுகளில் உள்ள சர்க்கரையில் டி.என்.ஏ.வைவிட ஓர் ஆக்சிஜன் கூடுதல். அதனோடு சேர்ந்த ஹைட்ரஜன் பிரிந்தால் அந்த ஆக்சிஜன் பக்கத்திலுள்ள பாஸ்பேட் பிணைப்பைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடும். எனவே ஆர்.என்.ஏ. நெடுநாள் நிற்காது. பெரும்பாலும் அது குறையல்ல, தேவை. இந்த நேரத்தில் இந்தப் புரதத்தைச் செய் என்ற செய்தி வேலை முடிந்ததும் அழிந்துவிட வேண்டும். கொரோனா காலத்தில் வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளைக் கடுங்குளிரில் வைக்க வேண்டியிருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இதுவே. அந்த ஆக்சிஜன் இல்லாத டி.என்.ஏ.வோ, சைபீரிய உறைநிலத்தில் கிடந்த பத்து லட்சம் ஆண்டுக்கும் முந்தைய மாமத யானைகளின் பற்களிலிருந்து 2021-இல் படிக்கப்பட்டது.

ஆர்.என்.ஏ. தரும் செய்தியைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும் இடம் ரிபோசோம். அதன் அமைப்பை அணு அணுவாக வெளிப்படுத்தியதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர். பெப்டைடு பிணைப்பை உண்டாக்கும் அந்த மையத்தில் இருப்பது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ.தான் என்பது அந்தக் காலகட்டத்தில் உறுதியான பெரிய வியப்பு.

பிளாஸ்டிக்கும் பெருமூலக்கூறுதான். பாலிதீன் பையின் சங்கிலியில் கார்பனோடு கார்பன் நேரடியாகப் பிணைந்திருக்கிறது. நீரைச் சேர்த்து அறுக்க அங்கே இடமே இல்லை. அதனால்தான் வாய்க்காலில் கிடக்கும் பை வாழையிலையைப் போல மட்குவதில்லை. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் கொஞ்சம் வேறு. அதன் அலகுகளுக்கிடையே எஸ்டர் பிணைப்பு இருக்கிறது. அது நீரால் அறுபடக்கூடிய வகை. 2016-இல் ஜப்பானின் சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி நடக்கும் இடத்தில் எடுத்த மாதிரியிலிருந்து, அந்தப் பிணைப்பை அறுத்து உண்டு வாழும் பாக்டீரியா ஒன்று கண்டறியப்பட்டது. இப்போது அந்த நொதியின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, இன்னும் வேகமாக அறுக்கும் வடிவத்தைப் பல ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.